டிசம்பரில் நம்ம டீம் சறுக்கும்போது என்ன செய்வது: ஓர் ஆர்சனல் ரசிகனின் வழிமுறை

2023 டிசம்பர் 29, வெள்ளிக்கிழமை, விடியற்காலை 3.45 மணி. வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கையில் போனோடு உட்கார்ந்திருந்தேன். ஆர்சனல் 0, வெஸ்ட் ஹாம் 2. நான்கு நாள் முன்பு, கிறிஸ்துமஸ் அன்று, 40 பாயின்ட்டோடு, இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக்கின் முதலிடத்தில் இருந்த டீம் அது. ஏழு மணிக்கு அம்பத்தூரில் ஷிப்ட். கீழே போய்ப் படுத்திருக்கலாம். படுக்கவில்லை. பாயின்ட்ஸ் டேபிளையும், யார் யார் என்ன திட்டுகிறார்கள் என்பதையும் ஐந்து மணி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மெஷினில் அளவைத் தப்பாகப் போட்டு இரண்டு பீஸ் ரிஜெக்ட் ஆனது.

அந்த நாளுக்குப் பிறகு எனக்கென்று ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டேன். உங்கள் டீம் ஆர்சனலாக இருக்க வேண்டும் என்பதில்லை. கோப்பைக்கு உண்மையாகவே போட்டி போடுகிற டீம், நடு சீசனில் திடீரென்று வரிசையாகத் தோற்கிறது, உங்களுக்குச் சோறு இறங்கவில்லை என்றால் இது உதவும். கீழ் லீக்குக்கு இறக்கிவிடும் கடைசி மூன்று இடங்களில் இருந்து தப்பிக்கப் போராடுகிற டீமின் ரசிகனுக்கு இருக்கும் வலி வேறு. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

விசில் அடித்த பிறகு

முதல் வேலை, போனில் டேட்டாவை அணைப்பது. தோற்ற இரவில் பாயின்ட்ஸ் டேபிளைத் திறக்கவே கூடாது. அந்த நேரத்தில் அது காட்டுகிற எதுவும் காலையில் மாறியிருக்கப் போவதில்லை, உங்கள் தூக்கம் மட்டும்தான் போயிருக்கும். எதையும் எழுதவும் வேண்டாம். கோச்சைத் தூக்கு, இவனை விற்றுவிடு என்றெல்லாம் நான் ராத்திரி நாலு மணிக்கு எழுதியவற்றில் ஒன்றைக்கூட இப்போது படிக்க மனசு வருவதில்லை.

நமக்கு இங்கே நேரம் பெரிய பிரச்சினை. இங்கிலாந்தில் இரவு 8.15க்குத் தொடங்குகிற ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு 1.45. இதற்கு இரண்டு வழிதான். ஒன்பது மணிக்கே சாப்பிட்டுப் படுத்து ஒன்றரைக்கு அலாரம் வைத்து எழுந்திருங்கள். முடியாது என்றால், நண்பர்களிடம் "நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் ஸ்கோர் போடாதீங்கடா" என்று சொல்லிவிட்டு மறுநாள் முழு ஆட்டத்தையும் பாருங்கள். தூங்காமலே காத்திருந்து பார்ப்பதுதான் மோசம். அந்தக் களைப்பில் சாதாரண மிஸ் பாஸ்கூட துரோகமாகத் தெரியும்.

நாள்காட்டித் தாள்

இதுதான் என் முறையின் உயிர். எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் உண்டு. அம்மா காலையில் கிழிக்கும் தாளை நான் வாங்கி வைத்துக்கொள்வேன். ஆட்டம் முடிந்த மறுநாள், அமைதியான பிறகு, அதன் பின்பக்கத்தில் நான்கு விஷயம் எழுதுவேன். கோலுக்கு முன்னால் கட்டம் போட்டிருக்கும் பாக்ஸுக்குள் நாம் எத்தனை நல்ல வாய்ப்பு உருவாக்கினோம், எதிராளிக்கு எத்தனை கொடுத்தோம், நம்மில் யார் ஆடவில்லை, கடைசி ஆட்டத்துக்குப் பிறகு எத்தனை நாள் ஓய்வு. ஸ்கோரை மூலையில் சின்னதாக எழுதினால் போதும். தாள் சின்னது என்பதால் புலம்ப இடமில்லை.

அந்த டிசம்பரின் இரண்டு தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. முதலாவது வெஸ்ட் ஹாம். நாம் அடித்த ஷாட் 30. எதிராளியின் பாக்ஸுக்குள் நம் ஆட்கள் பந்தைத் தொட்டது 77 முறை. கோல் இல்லை. அவர்களுக்கு முதல் கோல் சூசெக். அதற்கு முன்பே பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனதா என்று வீடியோ நடுவர் முறையான விஏஆரில் தேடித் தேடிப் பார்த்தும் எந்தக் கேமராவிலும் தெளிவாகத் தெரியவில்லை. இரண்டாவது கோல், கார்னரில் இருந்து மவ்ரோபனோஸ் தலையால் முட்டியது. அவர் நம்மிடம் இருந்து போனவர்தான். கடைசியில் அவர்கள் அடித்த பெனால்டியை நம் கீப்பர் ராயா தடுத்தார்.

இரண்டாவது தாள் மூன்று நாள் கழித்து, டிசம்பர் 31, ஃபுல்ஹாம். நமக்கு மாலை 7.30 ஆட்டம். ஐந்தாவது நிமிடத்திலேயே சாக்கா கோல் போட்டார். ஜெயித்தால் மறுபடி முதலிடம். அதற்குப் பிறகு கால்களில் ஈயம் கட்டியது போல ஆடினார்கள். ஹிமெனஸ் சமன் செய்தார், டி கொர்டோவா-ரீட் கார்னரில் இருந்து இரண்டாவதைப் போட்டார், 1-2. அந்தத் தாளில் நம் பக்க வாய்ப்புகளின் கீழே எழுத எனக்கு அதிகம் கிடைக்கவில்லை.

ஜெயித்தால் மூன்று பாயின்ட், டிரா என்றால் ஒன்று. டேபிளில் இந்த இரண்டு தோல்வியும் ஒன்றுதான், பூஜ்யம் பாயின்ட். ஆனால் முதலாவது, நன்றாக ஆடித் தோற்றது. இரண்டாவது, ஆடாமல் தோற்றது. கவலையை இரண்டாவதற்காக எடுத்து வையுங்கள். முதலாவதற்கு அழலாம், ஆனால் பயப்பட வேண்டாம்.

எக்ஸ்ஜி (எதிர்பார்க்கக்கூடிய கோல்) என்று ஒரு எண் இப்போது எல்லா இடத்திலும் போடுகிறார்கள். பயப்படத் தேவையில்லாத எளிய கணக்கு அது. அடித்த இடம், கோணம் போன்றவற்றை வைத்து, அந்த மாதிரி ஷாட் எத்தனைக்கு எத்தனை கோலாகும் என்று போடுவார்கள். பெனால்டிக்கு முக்கால் கோலுக்குக் கொஞ்சம் மேலே. பாக்ஸுக்கு வெளியே இருந்து நம்பிக்கையில் உதைக்கிற பந்துக்கு ஒன்றுமே இல்லாத அளவு. எல்லாவற்றையும் கூட்டினால் டீம் எத்தனை கோலுக்குத் தகுதியாக ஆடியது என்று ஓரளவு தெரியும். ஒரே ஆட்டத்தை வைத்து அதை நம்பாதீர்கள். ஆறு ஆட்டம் சேர்த்துப் பாருங்கள். அப்புறம் உங்கள் கண்ணையும் நம்புங்கள். ஃபுல்ஹாம் ஆட்டம் எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு எந்த எண்ணும் தேவைப்படவில்லை.

உண்மையான நோய் எப்படி இருக்கும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய சீசன், 2023 ஏப்ரல். நம் முக்கியத் தடுப்பாட்டக்காரர் சலிபா மார்ச்சிலேயே காயத்தில் உட்கார்ந்துவிட்டார். லிவர்பூலோடு 2-0 முன்னிலையில் இருந்து 2-2. வெஸ்ட் ஹாமோடு அதேபோல 2-0 இருந்து 2-2. பிறகு கடைசி இடத்தில் கிடந்த சவுத்தாம்ப்டனோடு சொந்த மைதானத்தில் 3-3. தோல்வியே இல்லை, மூன்றும் டிரா. ஆனால் மூன்று ஆட்டத்தில் வாங்கியது 7 கோல். அடுத்தது, கோப்பைக்குப் போட்டியாக இருந்த மான்செஸ்டர் சிட்டியிடம் 4-1 தோல்வி. சீசனில் 248 நாள் முதலிடத்தில் இருந்து கோப்பையை விட்டோம். ஒரே ஓட்டை வழியாகத் திரும்பத் திரும்பத் தண்ணீர் வந்தால்தான் அது நோய். 2023 டிசம்பரில் எல்லோரும் பதறியதற்குக் காரணமே இந்தப் பழைய புண்தான். நானும் அதனால்தான் தூங்கவில்லை.

யார் இல்லை, எத்தனை நாள் ஓய்வு

இதைப் பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை. டிசம்பர் 2 முதல் 31 வரை, ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கையும் சேர்த்து, ஆர்சனலுக்கு 8 ஆட்டம். 30 நாளில் எட்டு. டிம்பர் சீசனின் முதல் லீக் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியே. பார்ட்டேயும் பல மாதமாக இல்லை. ஜனவரியில் டொமியாசு ஆசியக் கோப்பைக்குப் போனார். அதே ஆட்கள் மறுபடி மறுபடி ஓடினார்கள்.

ஓய்வு கிடைத்ததும் என்ன ஆனது பாருங்கள். ஜனவரி 7, லீக்கோடு சேராத எஃப்ஏ கோப்பையில் லிவர்பூலிடம் 0-2 தோற்ற பிறகு ஜனவரி 20 வரை ஆட்டமே இல்லை. கோச் ஆர்டெட்டா டீமைத் துபாய்க்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து கிரிஸ்டல் பேலஸோடு 5-0. அதனால் உங்கள் டீம் சறுக்கும்போது, அடுத்த ஒரு வார இடைவெளி எப்போது வருகிறது என்று காலண்டரில் பார்த்து வட்டம் போட்டு வையுங்கள். அதுவரை தீர்ப்பு சொல்லாதீர்கள்.

ஒருவனைப் பிடித்துத் திட்டாதீர்கள்

இதை நான் உள்ளூரில் கற்றுக்கொண்டேன். ஞாயிறு காலை நாங்கள் ஆடும் ஆட்டத்தில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பில் நிற்பான். ஒருநாள் பந்தைக் கட்டுப்படுத்தத் தவறியதில் கோல் போனது. நாங்கள் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினோம். அவன் ஷூ லேஸைக் கட்டுவது போலக் கீழே குனிந்தான். லேஸ் அவிழவே இல்லை என்பதை நான் பார்த்தேன். அப்புறம் ஐந்து வாரம் வரவில்லை. அவன் வீட்டுக்கே போய் அழைத்து வந்தோம்.

ஜனவரி 7 அன்று நம் கோலுக்குள்ளேயே பந்தைத் தள்ளி சொந்த கோல் போட்டது நம் தடுப்பாட்டக்காரர் கிவியோர். அன்று அவரை எப்படியெல்லாம் பேசினார்கள். பிப்ரவரியில் அதே கிவியோர்தான் லெஃப்ட் பேக்கில் நின்றார், டீம் ஜெயித்துக்கொண்டே போனது. ஹாவர்ட்ஸ் கதையும் அதுதான். அவரை வாங்கி ஆறரை கோடி பவுண்டை வீணடித்துவிட்டார்கள் என்று டிசம்பர் வரை கேட்டோம். சீசன் முடிவில் லீக்கில் மட்டும் அவருக்கு 13 கோல்.

ஆட்டக்காரர்களை வாங்க அனுமதி உள்ள ஜனவரி பிறந்ததும், கோல் அடிக்க ஒரு ஸ்ட்ரைக்கரை வாங்கு வாங்கு என்று ஒரு கூச்சல் எழும். நானும் கேட்டேன். ஆர்சனல் அந்த ஜனவரியில் யாரையும் வாங்கவில்லை. அடுத்த எட்டு லீக் ஆட்டத்திலும் ஜெயித்து, அவற்றில் போட்ட கோல் 33. அதே வெஸ்ட் ஹாமை அவர்கள் மைதானத்திலேயே 6-0. வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. நல்ல வாய்ப்புகள் உருவாகிக்கொண்டே இருக்கிற டீமுக்கு அது அவசர வைத்தியம் இல்லை.

துணை தேடுங்கள்

தனியாக மாடியில் உட்கார்ந்து பார்ப்பதை நிறுத்தினேன். அக்கா மகனுக்குப் பதினொரு வயது, சாக்கா ஜெர்சி வைத்திருக்கிறான். பேலஸ் ஆட்டம் சனிக்கிழமை மாலை 6 மணி என்பதால் அவனோடு பார்த்தேன். "மாமா, நம்ம டீம் ஏன் மாமா தோக்குது?" என்று ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டான். ஒரு குழந்தைக்குப் புரிகிற மாதிரிப் பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான் எனக்கே தெளிந்தது. கார்னர் வரும்போது ஒயிட் போய்க் கீப்பருக்கு முன்னால் எப்படி நிற்கிறார், கேப்ரியல் எங்கிருந்து ஓடி வருகிறார் என்று காட்டினேன். பதினொன்றாவது நிமிடத்தில் ரைஸ் கார்னர் எடுத்தார், கேப்ரியல் முட்டினார், கோல். பையன் என் தோளில் ஏறிவிட்டான். கார்னர்களுக்கென்றே ஜோவர் என்று ஒரு கோச் இருக்கிறார் என்று சொன்னதை அவனால் நம்ப முடியவில்லை.

டேபிளைப் பார்த்து மனசு உடைந்துபோகிறவர்களுக்கு நான் சொல்வது நம் ஊர்க் கதை. 2015இல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்தில் நம் சென்னையின் எஃப்சி சீசனின் பாதிக்கு மேல் போன பிறகும் கடைசி இடத்தில் கிடந்தது. பிறகு லீக்கின் கடைசி நான்கு ஆட்டத்தையும் ஜெயித்தது. சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்ததால் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேவில் ஆடியது. கோவாவில் இறுதி ஆட்டம், கடைசி சில நிமிடம் வரை 1-2. அப்புறம் இரண்டு கோல், இரண்டாவது மென்டோசா, 3-2, கோப்பை. வீட்டுக்குள் புகுந்த சேற்றை அப்போதும் நாங்கள் வழித்துக்கொண்டிருந்தோம்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள்

பதறாதே என்று சொல்கிறவன் இதை மறைக்கக் கூடாது. ஃபுல்ஹாமுக்குப் பிறகு மீதியிருந்த 18 லீக் ஆட்டத்தில் ஆர்சனல் 16 ஜெயித்தது, ஒரு டிரா, ஒரு தோல்வி. மொத்தம் 89 பாயின்ட், 28 வெற்றி. தோல்வியே காணாமல் கோப்பை வென்ற 2003-04 ஆர்சனல் டீம்கூட 26 வெற்றி, 90 பாயின்ட்தான். சிட்டி எடுத்தது 91. இரண்டு பாயின்ட்.

அந்த டிசம்பரில் ஒரே ஒரு ஆட்டம் நம் பக்கம் திரும்பியிருந்தால்? இந்தக் கேள்வி வரும். வரட்டும், அதைத் தடுக்க என் முறையில் வழியில்லை. ஆனால் எந்த ஆட்டம் என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியும். நான் வெஸ்ட் ஹாமைச் சொல்ல மாட்டேன், அன்று நம் ஆட்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். ஃபுல்ஹாம்.

மே 19, ஞாயிறு இரவு 8.30, எவர்ட்டனோடு கடைசி ஆட்டம். 89ஆவது நிமிடத்தில் கோல் போட்டு 2-1 ஆக்கியது ஹாவர்ட்ஸ். இன்னொரு போனில் சிட்டி 3-1 என்று காட்டிக்கொண்டிருந்தது. பையன் ஜெர்சியோடே பாயில் தூங்கிவிட்டான். டேட்டாவை அணைத்தேன், சீசன் முழுக்கச் சேர்ந்த தாள்களுக்கு ஒரு ரப்பர் பேண்டு போட்டு பீரோவில் வைத்தேன். காலையில் ஷிப்டுக்குப் போகும்போது அம்மா அன்றைய தாளைக் கிழித்துக் கையில் கொடுத்தார். "இனிமே ஆகஸ்ட்லதாம்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.