ஹாங்காங்கில் முதல் முறை யம் சா போகிறீர்களா?

சுற்றுலா வந்தவர்கள் "டிம்சம் சாப்பிட்டோம்" என்பார்கள். ஹாங்காங்காரர்கள் "யம் சா போகலாமா?" என்றுதான் கூப்பிடுவார்கள். கேன்டனீஸ் மொழியில் யம் என்றால் குடிப்பது, சா என்றால் தேநீர். நம் வாயில் புழங்கும் சாயாவும் இதே வேரில் வந்த சொல்தான். டிம்சம் என்று மேசைக்கு வரும் சின்னச் சின்னப் பண்டமெல்லாம் அந்தத் தேநீருக்குத் துணை. இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

எப்போது, எத்தனை பேர்

வார நாளில் காலை பத்து மணி வாக்கில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்பமே வந்து உட்கார்ந்திருக்கும். டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். நான்கு பேர் போவது நல்லது. ஒரு மூங்கில் கூடையில் மூன்று அல்லது நான்கு உருப்படிதான் இருக்கும், எல்லோரும் பங்கிட்டு நிறைய வகை ருசிக்கலாம். தனியாகப் போனால் பழைய கடைகளில் வேறு யாரோடாவது ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். அங்கே அது சாதாரணம்.

முதலில் தேநீர்

உட்கார்ந்ததும் என்ன தேநீர் என்று கேட்பார்கள். போ லெய் கருப்பாக, மண்வாசனையோடு இருக்கும். எண்ணெய்ப் பண்டத்துக்கு ஏற்றது. ஹேங் பின் மல்லிகை மணம் கொண்டது. போ லெய்யோடு சாமந்திப்பூ சேர்த்தால் குக் போ. முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது குக் போதான்: போ லெய்யின் கனத்தைப் பூ கொஞ்சம் இளக்கிவிடும். எந்தத் தேநீர் ஆனாலும் தலைக்கு இவ்வளவு என்று பில்லில் தனியாக வரும். கேட்காமல் சேர்த்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், அது வழக்கம்.

பல கடைகளில் கூடவே ஒரு பெரிய கிண்ணமும் வரும். அது குடிப்பதற்கு அல்ல. முதல் ஊற்றுத் தேநீரில் உங்கள் கோப்பை, கரண்டி, சாப்ஸ்டிக் நுனி எல்லாவற்றையும் அலசி, அந்தத் தண்ணீரைக் கிண்ணத்தில் கொட்டிவிட வேண்டும்.

ஊற்றுவதும் தட்டுவதும்

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். கெட்டில் உங்கள் பக்கம் இருந்தால் முதலில் மற்றவர்களுக்கு, அதிலும் வயதில் மூத்தவருக்கு ஊற்றுங்கள். உங்கள் கோப்பை கடைசி. உங்களுக்கு யாராவது ஊற்றும்போது ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து மேசையில் மெல்லத் தட்டுங்கள். பேச்சை நிறுத்தாமல் நன்றி சொல்லும் வழி இது. சீனப் பேரரசர் சியென்லோங் மாறுவேடத்தில் போனபோது தன் ஆளுக்கே தேநீர் ஊற்றினாராம். மண்டியிட்டால் குட்டு வெளிப்படும் என்று அந்த ஆள் விரல்களை மடக்கித் தட்டினான் என்று கதை சொல்வார்கள்.

கெட்டில் காலியானால் யாரையும் கூவ வேண்டாம். நான் முதல் தடவை போனபோது, எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் கை நீட்டி எங்கள் கெட்டிலின் மூடியை ஒருக்களித்து வைத்தார். ஒரு நிமிடத்தில் வெந்நீர் வந்துவிட்டது.

என்ன வாங்குவது

பெரும்பாலான கடைகளில் ஒரு சீட்டு தருவார்கள், வேண்டியதை டிக் செய்து கொடுத்தால் போதும். பண்டங்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் கடைகள் குறைந்துவிட்டன. அதைப் பார்க்க ஆசையிருந்தால் சென்ட்ரல் பகுதியில் சிட்டி ஹாலில் உள்ள மாக்சிம்ஸ் பேலஸுக்குப் போங்கள். வண்டி வந்ததும் மூடியைத் திறந்து காட்டச் சொல்லி, கையால் சுட்டிக்காட்டினாலே போதும்.

ஆவியில் வெந்தது முதலில், பொரித்தது அடுத்து, இனிப்பு கடைசியில் என்று வாங்குங்கள். முதல் கூடை ஹார் காவ். கோதுமை மாவிலிருந்து பிரித்த ஸ்டார்ச்சில் கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, கண்ணாடி போல மெல்லிசாகத் தட்டி, உள்ளே இறால் வைத்து, ஒரு ஓரமாக மடிப்பு மடிப்பாகக் கிள்ளி மூடுவார்கள். தோல் வழியே இறாலின் இளஞ்சிவப்பு தெரியும். சாப்ஸ்டிக்கால் தூக்கும்போது கிழியக் கூடாது, கடித்தால் இறால் நறுக்கென்று இருக்க வேண்டும். சமையல்காரரின் கையை இதில் எடை போட்டுவிடலாம். ஆறவிடாதீர்கள், ஆறினால் தோல் விறைத்து அடியில் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு மேல்பக்கம் திறந்த இறைச்சிக் கொழுக்கட்டையான சியூ மாய், பன்றியிறைச்சி வைத்த பன்னான சா சியூ பாவ், கோழிப்பாதம். அரிசி மாவுச் சுருளான சியூங் ஃபன்னை விட்டுவிடாதீர்கள். அரிசி மாவுக் கரைசலைத் துணிமேல் ஊற்றி ஆவியில் வேகவைத்து உரித்துச் சுருட்டுவதும் உண்டு. இட்லித் துணி பார்த்து வளர்ந்த நமக்கு அந்த ஆவி வாசனையே பழக்கமானது.

சைவர்கள் கவனிக்க வேண்டும். முள்ளங்கிக் கேக் என்று பெயர் இருந்தாலும் லோ பாக் கோ என்ற பண்டத்தில் பெரும்பாலும் சீனச் சாசேஜும் உலர்ந்த இறாலும் இருக்கும். "சிக் சாய்" என்றால் சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். ஆனாலும் ஒவ்வொரு பண்டத்துக்கும் கேட்டுக்கொள்வது நல்லது. மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் மாட்டைக் குறிக்கும் "ஙாவ்" என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் முதலில் ங வருவது ஆங்கிலேயருக்குச் சிரமம், எழுத்தே கைவசம் உள்ள நமக்கு எளிது.

பில்

"ம்கோய், மாய் டான்" என்றால் பில் வரும். பொதுவாக 10 சதவீதம் சேவைக் கட்டணமும் அதில் சேர்ந்திருக்கும். பில்லை யார் பிடுங்குவது என்று பக்கத்து மேசையில் அனேகமாக ஒரு போட்டி நடந்துகொண்டிருக்கும். உள்ளூர் நண்பர் அழைத்துப் போயிருந்தால் நீங்களும் ஒருமுறை கையை நீட்டுங்கள். அவர் விடமாட்டார், அடுத்த முறை உங்கள் முறை. பல கடைகளில் மதியம் இரண்டு மணிக்கு மேல் விலையும் குறையும், அதையே அடுத்த சந்திப்புக்குக் குறித்துக்கொள்ளலாம்.