பூனைக்குட்டிக்கு வயித்தால போனது நின்ன கதை

தாய் இல்லாம கிடைச்ச குட்டி, கண்ணே இப்பதான் திறந்திருந்துச்சு, வீட்ல ஆளாளுக்கு பசும்பால் ஊத்தி ஒரே லூஸ் மோஷன். பசும்பால்ல இருக்கற லாக்டோஸ் அதுங்களுக்கு ஒத்துக்காதுல்ல, அதனால அத நிறுத்திட்டு பெட் ஷாப்ல கிட்டன் மில்க் பவுடர் வாங்கி வெதுவெதுப்பா கலக்கி, குட்டிய குப்புற வச்சே ஃபீடிங் பாட்டில்ல குடுத்தேன் (மல்லாத்தி குடுத்தா பால் நுரையீரலுக்குள்ள போயிடும், ஜாக்கிரதை). குடிச்சதும் ஈரப் பஞ்சால அடிப்பக்கம் மெல்ல தடவுனாதான் ஒண்ணுக்கு ரெண்டுக்கு வரும், அந்த வயசுல தானா போகாது. வெந்நீர் பாட்டில டவல்ல சுத்தி பக்கத்துல வச்சேன், உடம்பு சில்லுனு இருந்தா பால் செரிக்காது. மெதுவா கெட்டியாச்சு. நிக்கலேன்னா லேட் பண்ணாம டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடிருங்க, குட்டி உடம்புல தண்ணி சீக்கிரம் வத்திரும்.

நடுவுல ஃப்ரெண்டு ஒருத்தி கேட்னிப் (வாசனைக்கே பெரிய பூனைங்க சொக்கிப்போய் உருண்டு பொரள்ற ஒரு செடி) வச்ச பொம்மை குடுத்தா. விஷம்லாம் இல்ல, ஆனா நிறைய தின்னா வாந்தி பேதி வரும், அதுவும் 3 மாசத்துக்குள்ள இருக்கற குட்டிங்க பெரும்பாலும் கண்டுக்கவே கண்டுக்காது, அதான் ஏறக்கட்டிட்டேன். கேட்னிப் எண்ணெய்னு பாட்டில்ல வர்றத மட்டும் வாங்காதீங்க, ரொம்ப ஸ்ட்ராங்கு. நம்மூரு குப்பைமேனி வேரைக் கண்டாலும் பெரிய பூனைங்க இதே கூத்துதான், எங்க தொட்டில முளைச்சத இன்னும் விட்டுதான் வச்சிருக்கேன்.