பலகைக்குள் இருக்கும் வீடு: போகஹான்டஸ் கவுண்டியில் நான் செய்த தவறுகள்

போன அக்டோபரில் ஹில்ஸ்பரோ பக்கம் ஒரு பழைய வீட்டைப் பார்க்கப் போயிருந்தோம். கூட வந்த பையன் வீட்டின் பின்பக்கம் உடைந்திருந்த பலகைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, உள்ளே முழுக்க மரக்கட்டை! இந்தப் பலகையெல்லாம் உரிச்சா அசல் லாக் கேபின் வந்துடும்" என்று கத்தினான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2010இல் இதே கவுண்டியில் இதே வார்த்தைகளை நான் சொல்லியிருக்கிறேன். சொன்னதோடு நிற்காமல் செய்யவும் வைத்தேன்.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், அப்பலாச்சிய மலைகளுக்குள் இருக்கிறது போகஹான்டஸ் கவுண்டி. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. ஏறத்தாழ 940 சதுர மைல் பரப்பு. ஆட்கள் எட்டாயிரத்துக்கும் குறைவு. பழைய கட்டடங்களைப் பதிவு செய்கிறவர்களுக்கு இது ஒரு புதையல். வேலை நாட்களில் கணினி, விடுமுறைகளில் இந்த மலை என்று பல வருடமாகப் போய் வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் நான் விழுந்த குழிகளிலேயே தேடிப் போய் விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அனுமதி கேட்காமல் வேலி தாண்டாதீர்கள், கேமரா பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை.

காஸ் ஊரில் ரயிலை மட்டும் பார்ப்பது

காஸ் ஊருக்கு வருகிற எல்லோரும் நீராவி ரயிலில் ஏறுகிறார்கள், கம்பெனிக் கடையில் தொப்பி வாங்குகிறார்கள், போய்விடுகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான். எடுத்த படங்களில் முக்கால்வாசி ஷே எஞ்சின், அதாவது மரம் இழுக்க மலையேறும் நீராவி எஞ்சின்.

ஆனால் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் இருப்பது ரயில் மட்டுமல்ல, ஊரே இருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் ஒரு காகிதக் கம்பெனி தன் மரத் தொழிலுக்காக எழுப்பிய ஊர் இது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக வெள்ளை வீடுகள், வேலிகள், பலகை பதித்த நடைபாதை. மேலாளர்களின் வீடுகள் மட்டும் குன்றின் மேல். அந்தக் குன்றுக்கு 'பிக் பக் ஹில்' என்று பெயர். பெரிய மனிதர்களைக் கேலியாகச் சொல்லும் பேச்சுவழக்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கம், கம்பெனியின் பிடிக்கு வெளியே, சாராயக் கடைகள் இருந்தன. யார் எங்கே குடியிருந்தார்கள், யார் எங்கே குடித்தார்கள் என்பதை ஊரின் அமைப்பே சொல்லிவிடும். மரம் அறுக்கும் ஆலை 1960இல் மூடப்பட்டது. சுற்றுலா ரயில் 1963இல் ஓட ஆரம்பித்தது. ஒரு வரலாற்று வட்டாரத்தில் 'சிறந்த கட்டடம்' எது என்று தேடிக்கொண்டிருந்தால் இது எதுவும் கண்ணில் படாது. அலங்காரமே இல்லாத பதினேழாவது வீடு ஏன் பதினாறாவது வீட்டைப் போலவே இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

பத்திரத்தில் வீட்டைத் தேடுவது

பத்திரம் நிலத்தைப் பற்றிப் பேசும். இந்த ஓடையிலிருந்து அந்த ஓக் மரம் வரை என்று எழுதியிருக்கும். நிலத்தில் நிற்கும் வீட்டை எப்போது கட்டினார்கள் என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. குடும்பம் 1795இல் நிலம் வாங்கியது என்றால் வீடும் 1795 என்று பலகை எழுதி மாட்டிவிடுவார்கள்.

நிலவரிப் புத்தகங்களைப் பாருங்கள். 1863 வரை இந்தப் பகுதி வர்ஜீனியாவுக்குள் இருந்தது. வர்ஜீனியாவின் வரிப் புத்தகங்கள் 1820 முதல் கட்டடங்களின் மதிப்பைத் தனியாகக் காட்டுகின்றன. பத்து வருடம் சும்மா கிடந்த எண் ஒரு வருடம் திடீரென்று எகிறினால், அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். இன்னொன்று: கவுண்டியே 1821இல் பாத், பெண்டில்டன், ரேண்டால்ஃப் ஆகிய மூன்று கவுண்டிகளிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய காகிதத்தை, கவுண்டியின் தலைமையிடமான மார்லின்டன் நீதிமன்றத்தில் கேட்டால் எழுத்தர் பரிதாபமாகப் பார்ப்பார். என்னைப் பார்த்தார்.

பலகையை உரிக்கச் சொல்வது

இதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

இந்த மலைகளில் சாதாரணமாகத் தெரிகிற பல பலகை வீடுகளுக்குள் மரக்கட்டை வீடு ஒளிந்திருக்கும். கோடாரியால் சதுரமாகச் செதுக்கிய கட்டைகளை அடுக்கி, மூலைகளைப் புறாவின் வால் மாதிரியோ கூரை முகடு மாதிரியோ வெட்டிப் பொருத்தி, இடைவெளிகளில் கல்லும் மரச்சில்லும் திணித்து மேலே களிமண்ணோ சுண்ணாம்போ அப்பிய சுவர். அதன் மேல் பலகை அடித்திருப்பார்கள். பின்னால் வந்த ரசனை கெட்ட யாரோ அதை மறைத்துவிட்டார்கள் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன்.

உண்மை வேறு. பலகை அடிப்பதாக முடிவு செய்துகொண்டே கட்டின கட்டை வீடுகள் ஏராளம். சிலதுக்குக் கட்டியவுடன் அடித்தார்கள், சிலதுக்குக் கையில் காசு சேர்ந்ததும். பலகை வந்தது என்றால் குடும்பம் தலைநிமிர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைவிட முக்கியம், பலகைதான் அந்த வீட்டின் மழைக்கோட்டு.

2010இல் ஒரு மூதாட்டி, தன் குடும்பத்தில் தலைமுறைகளாக இருந்த வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டார். ஜன்னல் ஓரத்தில் கையை வைத்தேன். சுவர் ஒரு முழத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. மாடிப்படிக்குக் கீழே கட்டைகள் தெரிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. இதை மூடி வைத்திருப்பது பாவம் என்றேன். அவருடைய பேரன் இரண்டு வார இறுதியில் எல்லாவற்றையும் பிடுங்கி முற்றத்தில் போட்டுக் கொளுத்தினான். அந்த நெருப்பில் குளிர் காய்ந்தவர்களில் நானும் ஒருவன். கட்டைகளுக்கு நடுவில் இருந்த பழைய அடைப்பு உதிர ஆரம்பித்ததும், ஒருவர் வந்து சிமென்ட் வைத்துப் 'பலமாக' பூசிக் கொடுத்தார்.

பார்க்க ஓவியம் மாதிரி இருந்தது, மூன்று வருடத்துக்கு.

நான்காம் வருடம் ஸ்க்ரூ டிரைவரை அடிக்கட்டையில் வைத்து அழுத்தினேன். ஈரப் பஞ்சுக்குள் போவது போலப் போயிற்று.

என்ன நடந்தது என்பது இப்போது எனக்குத் தெரியும். பலகை தண்ணீரைத் தள்ளிவிடும் என்ற நம்பிக்கையில் அந்த வீட்டின் கூரை விளிம்பைச் சுருக்கமாக விட்டிருந்தார்கள். பலகை போனதும் சாரல் நேராகச் சுவரில் அடித்தது. ஜன்னல், கதவுச் சட்டங்கள் பலகையின் கனத்துக்குக் கணக்குப் பண்ணி வைத்தவை. அது இல்லாமல் துருத்திக்கொண்டு நின்றன, அவற்றின் பின்னால் தண்ணீர் இறங்கியது. மூலைகளில் கட்டைகளின் வெட்டுமுனைகள் திறந்து கிடந்தன. மரத்தின் வெட்டுமுனை தண்ணீரை உறிஞ்சும், குழல் மாதிரி. மரம் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கியது, சிமென்ட் அசையவில்லை. ஓரமெல்லாம் மயிரிழை விரிசல். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் கீழ்க்கட்டையின் தலையில் உட்கார்ந்தது. நூறு வருடத்துக்கு மேல் காய்ந்தே இருந்த கட்டையை நான்கு வருடத்தில் மக்க வைத்தோம்.

பழுது பார்க்கும் செலவைக் கேட்டு மூதாட்டி சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "என் பாட்டனுக்கு மரத்தைப் பற்றித் தெரிந்துதான் இருக்கிறது" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பணம் ஒரு பக்கம். எரிந்துபோன தகவல் இன்னொரு பக்கம். அந்தப் பலகைகளில் வெட்டு ஆணிகள் இருந்தன. இரும்புத் தகட்டிலிருந்து வெட்டிய சப்பை ஆணி. 1890 வாக்கில் கம்பி ஆணி பரவும்வரை அதுதான் புழக்கம். பலகையில் இருந்த ரம்பத் தடம் நேர்கோடா, வட்டமா என்று பார்த்திருந்தால் எந்த மாதிரி ஆலையில் அறுத்தது என்று தெரிந்திருக்கும். பெயின்ட் அடுக்குகளில், எப்போதோ எடுத்துவிட்ட தாழ்வாரத்தின் நிழல் பதிந்திருக்கும். எதையும் பார்க்கவில்லை. ஒரு ஆணியைக்கூடச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வீட்டுக்குப் பலகை எப்போது அடித்தார்கள் என்று இன்று யார் கேட்டாலும் என்னிடம் பதில் கிடையாது. கேள்விக்கு இருந்த ஒரே சாட்சியை நான்தான் கொளுத்தினேன்.

உள்ளே கட்டை இருக்கிறதா என்று அறிய எதையும் உரிக்க வேண்டாம். ஜன்னல் குழியின் ஆழத்தைப் பாருங்கள். பரணில் ஏறுங்கள், நிலவறைக்குள் இறங்குங்கள், படிக்கட்டுக்கு அடியில் டார்ச் அடியுங்கள். அப்படியும் சந்தேகம் என்றால், மழை படாத பக்கத்தில் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் ஒரே ஒரு பலகையை உரிமையாளரைக் கேட்டுவிட்டு விலக்கி, படம் எடுத்து, அதே ஆணித் துளையில் திரும்ப வையுங்கள். மக்கிய பலகை இருந்தால் அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மரப்பலகைக்கு மேல் அடிக்கிற வைனில் (பிளாஸ்டிக்) உறை கதை வேறு. அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும் என்பதால் எடுப்பது நல்லதுதான், அடியில் மரப்பலகை உருப்படியாக இருந்தால். வைனிலை எடுத்த வேகத்தில் மரப்பலகையையும் எடுத்துவிடுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

எரிச்சல் வருவதற்குக் காரணம், எல்லோருக்கும் 'லாக் கேபின்' வேண்டும். பலகை வீட்டில் வாழ்ந்த கௌரவமான விவசாயி யாருக்கும் வேண்டாம்.

இடம் மாறிய கட்டடத்தை ஒதுக்குவது

பெயர்த்து வைத்த கட்டடத்தைத் தேசியப் பதிவேடு பொதுவாக ஏற்காது என்று படித்தவுடன், இடம் மாறியது எல்லாம் போலி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஹில்ஸ்பரோவில் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் பேர்ல் பக் 1892இல் பிறந்த வீடு இருக்கிறது. அவருடைய தாய்வழிக் குடும்பத்தின் வீடு, கட்டிய இடத்திலேயே நிற்கிறது. அதே வளாகத்தில் அவருடைய அப்பா பிறந்த கட்டை வீடும் உண்டு. அது பக்கத்து கிரீன்பிரையர் கவுண்டியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து திரும்பப் பூட்டியது. இரண்டையும் ஒரே மூச்சில் விவரிக்காதீர்கள், எது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். அவ்வளவுதான்.

இதே கவுண்டியில் கிரீன் பேங்கில் நிற்கும் ரேபர் ரேடியோ தொலைநோக்கியும் இடம் மாறியதுதான். குரோட் ரேபர் 1937இல் இலினாய் மாநிலத்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் கட்டியது. இன்று அது தேசிய வரலாற்றுச் சின்னம். விதிவிலக்கு இருப்பது காரணத்தோடுதான்.

பதிவேடு பற்றி உரிமையாளரைப் பயமுறுத்துவது

தேசியப் பதிவேட்டில் ஏறிய சொந்த வீட்டைச் சொந்தக் காசில் மாற்ற மத்திய அரசு தடுக்காது. அதே மாதிரி குடியிருக்கிற வீட்டுக்கு 20 சதவீத மத்திய வரிச்சலுகையும் கிடையாது. அது வருமானம் தரும் கட்டடங்களுக்கு. தெரியாமல் தடை என்று பயமுறுத்தவும் வேண்டாம், சலுகை என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

செல்போன் வரைபடத்தை நம்புவது

இது ரேடியோ அமைதி மண்டலம்: ரேடியோ தொலைநோக்கிகளுக்காக அலைபரப்பைக் கட்டுப்படுத்திய பகுதி, பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. காகித வரைபடம் வாங்குங்கள்.

அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது

மார்லின்டன் ரயில் நிலையம் 1901இல் கட்டியது. 2008இல் எரிந்துபோயிற்று. இப்போது அங்கே நிற்பது திரும்பக் கட்டியது. 2007இல் அந்த வழியாக இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் மழை. வெளிச்சம் சரியில்லை என்று காரைவிட்டு இறங்கவில்லை.