முதல் டியூட்டிக்குப் போகும் நர்சிங் அசிஸ்டெண்டுக்கு: படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்வது எப்படி?

பக்கத்து வீட்டுப் பெண் நர்சிங் அசிஸ்டெண்ட் கோர்ஸ் முடித்துவிட்டாள். வரும் திங்கட்கிழமை முதல் டியூட்டி. நேற்று சாயங்காலம் நோட்டோடு வந்து, "அக்கா, படிச்சதெல்லாம் மறந்த மாதிரி இருக்கு, முதல்ல என்ன செய்யணும்?" என்று நின்றாள். அவளிடம் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் வார்டானாலும் சரி, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டுக்கு ஹோம் நர்ஸாகப் போனாலும் சரி, அடிப்படை மாறாது.

1. எது உங்கள் வேலை இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஊசி போடுவது, டிரிப்ஸின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, மூக்கில் இருக்கும் ட்யூபை இழுப்பது, மாத்திரையின் அளவை மாற்றுவது, இதெல்லாம் நம் வேலை இல்லை. எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டரே நெய்யூரில் வந்து தங்கி ஆபரேஷன் செய்த மாவட்டம் இது. ஆஸ்பத்திரி நம் ஆட்களுக்குப் புதிதில்லை, நிறையக் கேள்வி கேட்பார்கள். யூனிஃபார்ம் போட்டிருந்தால் நீங்களும் 'சிஸ்டர்'தான். "சிஸ்டர், இந்த மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்டால், "ஸ்டாஃப் நர்ஸிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள், கேட்டும் சொல்லுங்கள்.

2. கை

மோதிரம், வளையல், வாட்ச் மூன்றையும் கழற்றிவிடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி, ஹேண்ட் ரப் (தண்ணீர் இல்லாமல் கையில் தேய்க்கும் ஆல்கஹால் மருந்து) என்றால் 20 முதல் 30 விநாடி. விட்டுப்போகும் இடங்கள் கட்டைவிரலும் நுனிவிரல்களும்தான். ஒருவரைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் கழுவ வேண்டும். கையுறை போட்டிருந்தாலும், கழற்றியதும் கழுவ வேண்டும்.

3. தொடும் முன் சொல்லுங்கள்

"பாட்டா, உங்களை ஜன்னல் பக்கம் திருப்பப் போறேன், சரியா?" அவ்வளவுதான். நினைவில்லாமல் கிடப்பவரிடமும் சொல்லுங்கள், அவருக்குக் காது கேட்கலாம். திரையை இழுத்துவிடுங்கள், வேண்டிய இடத்தை மட்டும் திறங்கள்.

4. அளந்து எழுதுவது

தெர்மாமீட்டர் வைக்கும் முன் அக்குளில் வேர்வையைத் துடைத்துவிடுங்கள். வாயில் பார்ப்பதைவிட அக்குளில் ஏறக்குறைய 1 டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாகக் காட்டும். அதனால் எங்கே வைத்துப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். நாடியைக் கட்டைவிரலால் பார்க்காதீர்கள், உங்கள் நாடியையே எண்ணிவிடுவீர்கள். மற்ற விரல்களை வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை சரி. அப்புறம் கையை விட்டுவிடாமல், நாடி பார்ப்பது போலவே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவரை அறியாமலே மூச்சு மாறிவிடும். அது 12 முதல் 20 வரை. விரலில் மாட்டும் கருவியில் ஆக்ஸிஜன் பார்க்கும்போது விரல் சில்லிட்டிருந்தாலோ நகச்சாயம் இருந்தாலோ எண் தப்பாக வரலாம். டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்த கையில் பி.பி. பட்டையைக் கட்டவே கூடாது.

5. திருப்பிப் படுக்கவைப்பது

இந்த வேலையில் பாதி இதுதான். தானாகப் புரள முடியாதவருக்கு ஒரே இடத்தில் எடை அழுந்தி அழுந்தி ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போகும். அதுதான் படுக்கைப்புண். வழக்கமாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவோம், நர்ஸ் வேறு நேரம் சொன்னால் அதன்படி.

முதலில் கட்டிலின் சக்கரப் பூட்டைப் பாருங்கள். யூரின் பேக் ட்யூப் எங்கே ஓடுகிறது, டிரிப்ஸ் எந்தக் கையில் என்று ஒரு பார்வை. அடுத்து, அவர் பார்க்கப்போகும் பக்கத்துக்கு எதிர் ஓரத்துக்கு அவரை நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் திரும்பும்போது மறு ஓரத்தில் போய் முட்டுவார். நகர்த்த ஆள் இரண்டு, இடுப்புக்கு அடியில் மடித்த பெட்ஷீட் ஒன்று. இரண்டு பேரும் துணியைப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். அக்குளில் கைகொடுத்து இழுக்காதீர்கள். எலும்பு நகரும், தோல் மெத்தையில் ஒட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் இருக்கும் சதைதான் கிழியும்.

இப்போது அவர் எந்தப் பக்கம் பார்க்கப்போகிறாரோ அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். உங்களுக்கு அருகில் இருக்கும் கையைச் சற்று விலக்கி வையுங்கள். தூரத்துக் கையை மார்பின் குறுக்கே போடுங்கள், தூரத்து முழங்காலை மடக்குங்கள். ஒரு கை அவர் தோளில், ஒரு கை இடுப்பில். உங்கள் முழங்காலை வளைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி உங்களை நோக்கி உருட்டுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்து லேசாகச் சாய்ந்தாற்போல் வையுங்கள். இடுப்பெலும்பு நேராக அழுந்தும்படி முழுப் பக்கவாட்டில் வைக்க வேண்டாம். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு, நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையும் உண்டு. இரண்டும் வேண்டாம். நேரத்தையும் பக்கத்தையும் எழுதிவிடுங்கள்.

6. தோலைப் பார்ப்பது

திருப்பும்போதெல்லாம் வால் எலும்பு, இடுப்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்தலை எல்லாவற்றையும் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறித் திரும்ப நிறம் வர வேண்டும், சிவப்பு மாறாமல் இருந்தால் புண் தொடங்குகிறது என்று பாடம் சொல்கிறது. பாடப்புத்தகப் படத்தில் இருப்பது வெள்ளைக்காரர் தோல். வெயிலில் கடலுக்குப் போனவர், ரப்பர் வெட்டியவர், பனை ஏறியவர் தோலில் சிவப்பு எங்கே தெரியும்? பக்கத்துத் தோலைவிடக் கறுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கும், சில நேரம் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. அதனால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா, கெட்டியா, கொழகொழப்பா என்று அந்தப் பக்கத்துக் குதிகாலோடு இந்தப் பக்கத்துக் குதிகாலை ஒப்பிடுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதம் இல்லை. வேலைக்கு வந்த மூன்றாம் மாதம், மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீடு. பாட்டா ஒரு காலத்தில் பனை ஏறியவர், உள்ளங்கால் பலகை போல இருக்கும். சர்க்கரை, பக்கவாதம் இரண்டும் உண்டு. மழைக்காலம், குளிருகிறது என்று சாக்ஸ் போட்டுவிட்டிருந்தார்கள். நான் ஒழுங்காகத் திருப்பினேன், நேரம் எழுதினேன், சாக்ஸை மட்டும் கழற்றவில்லை. நான்காம் நாள் கழற்றியபோது வலது குதிகாலில் ஒரு ரூபாய் அளவுக்குக் கருநீலம். விரல் வைத்தால் அழுகத் தொடங்கிய பழம் போல உள்ளே போனது. "வலிக்குதா பாட்டா?" என்று கேட்டேன். "எங்க மக்களே?" என்றார். சர்க்கரையால் காலில் உணர்ச்சியே இல்லை. அது ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அன்றிலிருந்து டியூட்டிக்குப் போனதும் முதல் வேலை சாக்ஸைக் கழற்றுவதுதான்.

நிறம் மாறிய இடத்தைத் தேய்க்காதீர்கள். தேங்காய் எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்த்துவிடச் சொல்லி வீட்டார் கேட்பார்கள், பாசத்தில்தான். தேய்த்தால் அடியில் நொந்திருக்கும் சதை இன்னும் கெடும். அந்த இடத்தில் எடை விழாமல் வைத்து, நர்ஸிடம் சொல்லுங்கள்.

7. துடைத்துவிடுவது

தண்ணீரின் சூட்டை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் பாருங்கள். கண்ணிலிருந்து தொடங்குங்கள். மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே, ஒரு கண்ணுக்குத் துணியின் ஒரு மூலை. பெண்களுக்கு அடிப்பகுதியை முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு மார்புக்கு அடி, தொடை இடுக்கு, கால்விரல் இடுக்கு மூன்றையும் ஒற்றி ஒற்றி உலர்த்துங்கள். அங்கே பவுடர் கொட்டினால் வேர்வையில் கட்டியாகி உறுத்தும். விரிப்பில் சுருக்கமும் பிஸ்கட் துகளும் இருக்கக் கூடாது. சட்டை மாற்றும்போது பலமில்லாத கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது நல்ல கையிலிருந்து தொடங்குங்கள்.

8. ஊட்டுவது

நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள், சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். பக்கவாதக்காரருக்குக் கஞ்சியும் பயறும் சுலபம் என்று நினைப்போம். ஆனால் கஞ்சித் தண்ணீர் முந்திக்கொண்டு தொண்டைக்கு ஓடிவிடும், பயறு வாயிலேயே நிற்கும், புரை ஏறும். குழைய மசித்த சோறு, மசித்த மட்டி வாழைப்பழம் போல ஒரே பதமாக இருப்பதை விழுங்குவது எளிது. அவருக்கு எது கொடுக்கலாம் என்று நர்ஸிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பலமில்லாத பக்கத்துக் கன்னத்தில் சோறு ஒதுங்கியிருக்கிறதா பாருங்கள். இருமினாலோ குரல் களகளவென்று மாறினாலோ ஊட்டுவதை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையைத் தொடாமல். காலி செய்யும் முன் அளவையும் நிறத்தையும் எழுதுங்கள்.

9. டியூட்டி ஒப்படைப்பது

"அவருக்கு ஒரு மாதிரி இருக்கு" என்று சொன்னால் அடுத்து வருபவருக்கு ஒன்றும் புரியாது. பார்த்ததை மட்டும், நேரத்தோடு சொல்லுங்கள். இப்படி: "10 மணிக்கு இடப்பக்கம் திருப்பினேன். வலது இடுப்பெலும்பு மேல ஒரு ரூபாய் அளவுக்குக் கறுத்திருக்கு, மற்ற பக்கத்தைவிடச் சூடு, தொட்டா வலிக்குதுன்னார். 10.10-க்கு ஸ்டாஃப் நர்ஸ் வந்து பார்த்தாங்க. 12-க்கு மல்லாக்கப் போட்டாச்சு, 2 மணிக்குத் திரும்ப இடப்பக்கம் போடணும், வலப்பக்கம் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."