மாந்தோப்புக்கு எவ்வளவு தண்ணீர்? செயற்கைக்கோள் படத்திலிருந்து கணக்கிடும் முறை

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் செம்மண் தோப்புகளில், கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றி டேங்கர் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கும்போதுதான், ஒரு மரத்துக்கு உண்மையில் எத்தனை லிட்டர் வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. அப்பா காலத்து அளவு இப்போதைய வெயிலுக்குப் பொருந்துவதில்லை என்பதால், அந்தந்த வாரத்தின் வெப்பநிலையையும் அந்தத் தோப்பின் இலைப்பரப்பையும் வைத்தே கணக்கிட வேண்டியிருக்கிறது. இரண்டாவதைத்தான் செயற்கைக்கோள் தருகிறது.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில், ஏறத்தாழ 5 நாளுக்கு ஒருமுறை, கோப்பர்நிகஸ் பிரவுசர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மேகமில்லாத ஒரு நாளைத் தேர்ந்து, தோப்பின் எல்லையை வரைந்து, என்.டி.வி.ஐ. எனும் பசுமைக் குறியீட்டின் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். வரப்பும் பாதையும் கலந்துவிடாதபடி, எல்லையிலிருந்து பத்து மீட்டராவது உள்தள்ளி வரைவது நல்லது.

அடுத்தது வெயிலின் கணக்கு: நன்றாக நீர் பாய்ந்த புல்தரை ஒரு நாளில் எத்தனை மி.மீ. நீரை ஆவியாக இழக்கும் என்பது. அன்றைய அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலைகளை மட்டும் கேட்கும் ஹார்கிரீவ்ஸ் சமன்பாடு நமக்குப் போதும்: 0.0023 × சூரியக் கதிர்வீச்சு × (சராசரி வெப்பநிலை + 17.8) × வெப்பநிலை வேறுபாட்டின் வர்க்கமூலம். வளிமண்டலத்துக்கு மேலே விழும் கதிர்வீச்சை நீராவியாதல் அளவுக்கு மாற்றினால், ஏப்ரல் நடுவில் நம் அட்சரேகையில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 15.5 மி.மீ. பகலில் 37, இரவில் 24 டிகிரி என்றால் விடை 6.2 மி.மீ. பகல் மட்டும் 39 ஆகிவிட்டால் 6.8 மி.மீ.; இரண்டு டிகிரிக்குப் பத்து விழுக்காடு கூடுகிறது. இரவு மட்டும் சூடானாலோ வேறுபாடு சுருங்குவதால் விடை குறைவாக வரக்கூடும். புழுக்கமான வாரங்களில் இதை அப்படியே நம்ப வேண்டாம்.

இவ்விரண்டையும் இணைப்பது பயிர்க்கெழு, அதாவது அந்தப் புல்தரை இழப்பில் எத்தனை பங்கு நம் தோப்புக்கு வேண்டும் என்று சொல்லும் எண். திராட்சைத் தோட்டங்களில் உருவான ஓர் எளிய சமன்பாடு, பசுமைக் குறியீட்டை 1.44 ஆல் பெருக்கி 0.10 ஐக் கழிக்கச் சொல்கிறது. மாமரத்துக்கு இது தோராயம்தான். குறியீடு 0.45 எனில் கெழு 0.55, 6.2 ஐ அதனால் பெருக்கினால் நாளுக்கு 3.4 மி.மீ. ஐந்துக்கு ஐந்து மீட்டர் இடைவெளியில் ஒரு மரத்தின் பரப்பு 25 சதுர மீட்டர்; ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. என்பது ஒரு லிட்டர் என்பதால், அது 85 லிட்டர் ஆகிறது. சொட்டுநீரின் இழப்புக்காக 0.9 ஆல் வகுத்தால் 94 லிட்டர்; மணிக்கு 8 லிட்டர் விடும் நான்கு சொட்டுவான்கள் இருந்தால் மூன்று மணி நேர ஓட்டம். ஏக்கருக்கு 160 மரங்கள் என்று வைத்தால் ஏறத்தாழ 15,000 லிட்டர். இது முழுத் தேவை. கிணறு அவ்வளவு கொடுக்காவிட்டால் பிஞ்சு பிடித்த மரங்களுக்கு முதலிடம் தருவதே என் வழக்கம்.

படம் ஏமாற்றும் இடங்களும் உண்டு. மரத்தடியில் கொள்ளோ புல்லோ பச்சையாக இருந்தால் குறியீடு உயர்ந்து, மரம் கேட்காத தண்ணீரைக் கேட்பதுபோல் காட்டும். செம்பு நிறத்தில் கொழுந்து விடும் வாரங்களிலும், தை மாதத்தில் மரம் முழுக்கப் பூ மூடிய நாள்களிலும், வாடாத மரத்தை வாடியதாகக் காட்டும். மாறாக, மா பசுமை மாறா மரம் என்பதால், தாகம் தொடங்கிப் பல நாள் கழித்தும் குறியீடு அசையாமல் இருக்கலாம். ஆகவே வாரம் ஒருமுறை சொட்டுவானிலிருந்து ஓர் அடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்தில் மண்ணை எடுத்து உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள்: உருண்டை திரண்டு நின்றால் ஈரம் இருக்கிறது; விரல் விலகியதும் பொலபொலவென்று உதிர்ந்தால் கணக்கு குறைவாகியிருக்கிறது.

காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது மாவுக்கு நன்றாகவே பொருந்தும். ஐப்பசி முதல் மார்கழி வரை, பூக்கும் முன் மரத்துக்கு வறட்சி வேண்டும். அப்போது இந்தக் கணக்கைப் போடவே வேண்டாம். பிஞ்சு பட்டாணி அளவை எட்டியதும் தொடங்கி, அறுவடைக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு நிறுத்திவிடலாம்.

இடையில் கோடை மழை பெய்தால் அதையும் கழிக்க வேண்டும். ஐந்து மி.மீ. தூறலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இருபது மி.மீ. பெய்தால், சரிவான நிலத்தில் ஓடிப்போவது போக 12 மி.மீ. மண்ணில் தங்கியதாகக் கொண்டு, மூன்று நாள் மோட்டாரை நிறுத்தி, நான்காம் நாள் காலையில் மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.