முதல் வெல்டிங் மெஷின் வாங்கும் முன்: ராடையும் கருவிகளையும் தேர்ந்தெடுக்கும் முறை

வெல்டிங் கற்றுக்கொள்ள விரும்புபவர்களில் பலர் முதலில் மெஷினை வாங்கிவிடுகிறார்கள். பிறகு கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ராடை, அதாவது பற்றவைக்கும்போது உருகி இணைப்பாகும் பூச்சுள்ள கம்பியை, வாங்குகிறார்கள். கடைசியாகக் கையில் மிஞ்சும் பணத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்குகிறார்கள். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு கனமுள்ள இரும்பைப் பற்றவைக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்து ராடின் அளவு அமைகிறது. ராடின் அளவைப் பொறுத்து ஆம்பியர் அமைகிறது. எந்த மெஷின் போதும் என்பதையும், வீட்டு மின்இணைப்பு அதைத் தாங்குமா என்பதையும் அந்த ஆம்பியரை வைத்துத்தான் முடிவுசெய்ய முடியும். வீட்டிலோ சிறு பட்டறையிலோ கேட், கிரில், ஸ்டாண்டு, மேசைச் சட்டம் போன்றவற்றைச் செய்யக் கற்றுக்கொள்பவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ராடு

வெல்டிங் ராடின் உள்ளே இருப்பது மென்னிரும்புக் கம்பி. தொடக்கநிலையினர் கவனிக்க வேண்டியது அதன் மேலுள்ள பூச்சைத்தான். ராடின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்பொறியான ஆர்க்கின் வெப்பத்தில் பூச்சு எரியும்போது உண்டாகும் வாயு, உருகிய இரும்பைக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் தீண்டாதபடி காக்கிறது. பூச்சின் மீதிப் பகுதி உருகி, ஸ்லாக் எனப்படும் கசடாக மேலே படிந்து, இணைப்பு நிதானமாக ஆறும்வரை மூடிக்கொள்கிறது. ஆர்க் எளிதில் பற்றுமா, பொறி அதிகம் தெறிக்குமா, கசடு சுலபமாகக் கழன்று வருமா என்பவற்றையெல்லாம் பெரும்பாலும் பூச்சின் சேர்மானமே முடிவுசெய்கிறது.

புதிதாகக் கற்பவர் வாங்க வேண்டிய ராடு 6013. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் குறியீட்டு முறையில், முதல் இரண்டு இலக்கங்களான 60, இணைப்பு உலோகத்தின் இழுவலிமை சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு என்பதைக் குறிக்கும். அடுத்து வரும் 1, தட்டையாக, செங்குத்தாக, தலைக்கு மேலே என எல்லா நிலைகளிலும் பற்றவைக்கலாம் என்பதைக் குறிக்கும். கடைசி இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படித்தால் பூச்சின் வகையும் பொருத்தமான மின்னோட்டமும் தெரியும். இந்திய ராடு பாக்கெட்டுகளில் ஐ.எஸ். 814 என்ற இந்தியத் தர எண்ணும் அதனுடன் ஈஆர் 4211 போன்ற ஒரு குறியீடும் அச்சிடப்பட்டிருக்கும். அதில் வரும் ஆர் என்ற எழுத்து, டைட்டானியம் டையாக்சைடு மிகுந்த ரூட்டைல் பூச்சைக் குறிக்கிறது. இந்த வகைப் பூச்சில் ஆர்க் உடனே பற்றும், அணைந்தாலும் மறுபடி பற்றவைப்பது எளிது. ஏசி, டிசி இரண்டிலும் வேலை செய்யும். கசடும் பெரும்பாலும் லேசான தட்டலிலேயே கழன்று வரும்.

6013 ராடுக்கு ஒரு குறை உண்டு, அதை முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது. அதன் கசடு தாராளமாக ஓடக்கூடியது. ராடை மிக மெதுவாக நகர்த்தினாலும், ஆம்பியரைக் குறைத்து வைத்தாலும் கசடு உருகிய இரும்பை முந்திக்கொண்டு ஓடி இணைப்புக்குள் சிக்கிக்கொள்ளும். மேலே பார்க்க அழகாக இருக்கும் இணைப்பு உள்ளே வெறும் கசடாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். ஊடுருவலும், அதாவது உருகல் இரும்புக்குள் இறங்கும் ஆழமும், ஓரளவுதான் இருக்கும். ஆகவே டிராக்டர் இழுவைக் கொக்கி, பாரம் தூக்கும் கொக்கி, ஆள் ஏறி நிற்கும் சாரம் போன்ற வேலைகளைக் கற்கும் காலத்தில் தொடக்கூடாது.

“7018 அதைவிட உறுதி, அதையே வாங்குங்கள்” என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். உறுதி என்பது உண்மைதான். ஆனால் 7018 ஹைட்ரஜன் குறைந்த ராடு (ஹைட்ரஜன் இணைப்பில் விரிசலை உண்டாக்கக்கூடியது), அதன் பூச்சில் ஈரம் ஏறினால் அந்தச் சிறப்பே போய்விடும். ஈரம் ஏறிய 7018 ராடை ஏறத்தாழ 300 முதல் 350 டிகிரி செல்சியஸில், தயாரிப்பாளர் குறிப்பிடும் நேரம்வரை, அதற்கென உள்ள அடுப்பில் உலர்த்த வேண்டும். வெயிலில் பரப்பி வைப்பதால் அந்த ஈரம் போகாது. அதோடு, பாதி எரிந்து அணைந்த 7018 ராடின் நுனியைக் கசடு மூடிக்கொள்வதால் புதியவருக்கு மறுபடி பற்றவைப்பதே பெரும்பாடாகிவிடும். 6010, 6011 ஆகிய செல்லுலோஸ் பூச்சு ராடுகள் குழாய் வேலைக்கும் ஆழ்ந்த ஊடுருவல் தேவைப்படும் இடங்களுக்கும் உரியவை. கை பழகிய பிறகு அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

அளவைப் பொறுத்தவரை, நம்மூர்க் கடைகளில் இன்றும் கேஜ் கணக்கில்தான் கேட்கிறார்கள். 14 கேஜ் என்பது 2 மி.மீ., 12 கேஜ் என்பது 2.5 மி.மீ., 10 கேஜ் என்பது 3.15 மி.மீ., 8 கேஜ் என்பது 4 மி.மீ. 6013 வகையில் 2 மி.மீ. ராடுக்கு 40 முதல் 60 ஆம்பியரும், 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியரும், 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130 ஆம்பியரும் தோராயமான வரம்புகள். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் எண்கள் இவற்றிலிருந்து சற்று வேறுபட்டால் பாக்கெட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள். 3 முதல் 5 மி.மீ. கனமுள்ள பட்டைக்கும் ஆங்கிளுக்கும் 2.5 மி.மீ. ராடு போதும், 5 மி.மீ.க்கு மேல் 3.15 மி.மீ. நன்று. பயிற்சிக்கு எது நல்லது என்று கேட்டால், மின்இணைப்பு தாங்கும் இடத்தில் 3.15 மி.மீ. என்பேன். அது விறைப்பாக நிற்கும், நடுங்கும் கைக்கு அது பெரிய உதவி. சாதாரண வீட்டு இணைப்பு என்றால் 2.5 மி.மீ.தான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

பாக்கெட்டை வாங்கும் முன் ஒரு ராடை உருவி அதன் நுனியை நேராகக் கண்ணுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவே பளபளக்கும் கம்பியைச் சுற்றிப் பூச்சு எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் மெலிந்த பக்கம் முதலில் எரிந்து, ஆர்க் ஒருபுறமாகச் சாய்ந்துகொண்டே போகும். அந்தக் கோளாறைத் தன் கைக்கோளாறு என்று நினைத்துப் புதியவர் வீணாக வருந்துவார். ராடைப் பிடிக்கும் கைப்பிடியான ஹோல்டரில் கவ்வும் வெறுங்கம்பிப் பகுதியில் துரு ஏறியிருந்தாலும், பூச்சில் விரிசலோ உதிர்வோ தெரிந்தாலும் அந்தப் பாக்கெட்டை எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்தபின் ராடுகளை மூடி இறுக்கமான டப்பாவில் வைப்பது நல்லது, கடலோர ஊர்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்திலும் இது கட்டாயம்.

மெஷினும் மின்இணைப்பும்

பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின்கள் கனமானவை, மின்சாரத்தை அதிகம் இழுப்பவை. ஆனால் உழைப்பவை, பழுதுபார்க்கவும் எளிதானவை. புதிதாக வாங்குபவருக்கு மின்னணுச் சுற்றால் இயங்கும் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்தான் ஏற்றது. எடை குறைவு, டிசி மின்னோட்டம் தருவதால் ஆர்க் நிலையாக நிற்கும், ஒற்றை ஃபேஸ் இணைப்பிலேயே வேலை செய்யும். இதில் ஏமாறக்கூடிய இடம் பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் ‘200’ என்ற எண். அதை விட்டுவிட்டு மெஷினின் பின்புறமோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் விவரத் தகட்டைப் படியுங்கள். அதில் எக்ஸ் என்ற எழுத்தின் எதிரே உள்ள விழுக்காடு, பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஆர்க் எரியலாம் என்பதைச் சொல்கிறது. அதன் கீழே ஐ2 என்று குறித்திருப்பது அந்த அளவுக்கு உரிய ஆம்பியர். 200 ஆம்பியரில் 20 விழுக்காடு என்றிருந்தால், பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம்தான் அந்த வேகத்தில் ஓட முடியும். அதே மெஷின் 60 விழுக்காட்டில் ஏறத்தாழ 115 ஆம்பியரும், இடைவிடாமல் ஓடினால் 90 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகவும்தான் தரும். 2.5 மி.மீ. ராடுக்கு அதுவே தாராளம், 3.15 மி.மீ. ராடுக்கும் போதும். இந்தத் தகடே இல்லாத மெஷினை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மின்இணைப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. 2.5 மி.மீ. ராடு 80 ஆம்பியரில் எரியும்போது ஆர்க்கின் மின்னழுத்தம் சுமார் 23 வோல்ட், இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 1.85 கிலோவாட். மெஷினுக்குள் ஏற்படும் இழப்பையும், சாதாரண இன்வெர்ட்டர் மெஷின்களின் தாழ்ந்த பவர் ஃபேக்டரையும் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் பயன்படும் பங்கு) சேர்த்தால், 230 வோல்ட் இணைப்பிலிருந்து 13, 14 ஆம்பியர் வரை இழுக்கும். 3.15 மி.மீ. ராடை 110 ஆம்பியரில் எரித்தால் இது 20 ஆம்பியரைத் தொட்டுவிடும். ஆகவே மின்விசிறிக்கும் விளக்குக்கும் உள்ள 6 ஆம்பியர் பிளக்கில் மெஷினை ஒருபோதும் செருகக்கூடாது. 2.5 மி.மீ. ராடுக்கு நல்ல நிலையிலுள்ள 16 ஆம்பியர் பிளக் தேவை. 3.15 மி.மீ. ராடு என்றால், தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு, மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் பொருத்தமான எம்சிபி சுவிட்ச் வைத்த தனி லைன் இழுத்துக்கொள்ள வேண்டும். மெல்லிய வயரில் நீளமான எக்ஸ்டென்ஷன் போட்டால் மின்னழுத்தம் விழுந்து ஆர்க் தடுமாறும், வயரும் சூடேறும். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயர் இன்னும் ஆபத்து, அதை முழுவதும் பிரித்துப் போட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

மெஷினோடு இலவசமாகத் தரும் ஹோல்டரையும் கேபிளையும் பெரிதாக நம்ப வேண்டாம். 130 ஆம்பியர் வரை 16 சதுர மி.மீ. செம்பு கேபிள் போதும், 200 ஆம்பியர் வரை போகும் எண்ணமிருந்தால் 25 சதுர மி.மீ. வாங்குங்கள். கேபிளின் முனையைச் சுரண்டிப் பார்த்தால் செம்பு முலாம் பூசிய அலுமினியமா என்பது தெரிந்துவிடும். பற்றவைக்கும் இரும்பை மெஷினோடு இணைக்கும் எர்த் கிளாம்பின் கவ்வி அழுத்தமாகப் பிடிக்க வேண்டும். அதைப் பெயின்ட்டின் மேலோ துருவின் மேலோ மாட்டாமல், கம்பி பிரஷ் போட்டுப் பளபளக்கத் தேய்த்த இடத்தில் மாட்ட வேண்டும். ராடு ஒட்டிக்கொள்கிறது, ஆர்க் விட்டுவிட்டு எரிகிறது என்ற முறையீடுகளில் பாதி இந்தக் கிளாம்பிலேயே தீர்ந்துவிடும்.

கண்ணும் மூச்சும்

பணத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கண்ணின் முன்படலத்தைச் சுட்டுவிடும், ஆனால் அப்போதே வலி தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணுக்குள் மணலை வாரிக் கொட்டியதுபோல் உறுத்தலும் நீர்வடிதலும் தொடங்கும். உருளைக்கிழங்கு வில்லை வைப்பது போன்ற கைவைத்தியங்களைச் செய்துகொண்டிராமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

சாலையோரத்தில் விற்கும் கறுப்பு பிளாஸ்டிக் கண்ணாடி இந்த வேலைக்குக் கொஞ்சமும் பயன்படாது. மேலும், முகத்தையும் கழுத்தையும் அது மூடுவதில்லை. இந்த ஆம்பியர்களுக்கு 10 அல்லது 11 என்ற கருமை எண்ணுள்ள வடிகட்டிக் கண்ணாடி பொருத்திய, முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட் தேவை. ஆர்க் பற்றியதும் தானே கறுக்கும் ஹெல்மெட் புதியவருக்கு மிகுந்த வசதி. ராடின் நுனி எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே பற்றவைக்கலாம், ஒரு கை ஷீல்டைப் பிடிப்பதிலிருந்து விடுபடும். ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்கும் முன் அது கறுக்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தைகளின் கண்ணுக்கும் இதே கேடு உண்டு என்பதால், அவர்களை அந்த இடத்துக்கே வரவிடாதீர்கள்.

உடை பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் பொறி பட்டதும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தோல் கையுறையும் மூடிய தோல் காலணியும் கட்டாயம். ஆர்க் எரியாதபோது ஹோல்டரில் 60 வோல்ட்டுக்கு மேல் இருக்கலாம், அதனால் ஈரமான தரையிலும் வியர்வையில் நனைந்த கையுறையோடும் வேலை செய்யக்கூடாது. துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பைப் பற்றவைத்தால் எழும் வெண்புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் உண்டாக்கும். கற்கும் காலத்தில் ஜிஐ பைப்பைத் தவிர்த்துவிடுங்கள். பெட்ரோலோ டீசலோ பெயின்ட்டோ இருந்த டின், டிரம் எதிலும் ஆர்க் வைக்கவே கூடாது. காலியாகத் தெரியும் டிரம்மும் வெடிக்கும்.

இவற்றோடு கசடு தட்டும் சுத்தியல், கம்பி பிரஷ், 4 அங்குல கிரைண்டர், இரண்டு சி கிளாம்புகள் போதும். கசடு தட்டும்போதும் கிரைண்டர் பிடிக்கும்போதும் நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும்.

முதல் இழுப்பு

புதியவர்கள் கேட் செய்யும் ஆசையில் 1.2 மி.மீ. ஸ்கொயர் பைப்பை முதலில் எடுத்து, ஓட்டை விழுந்ததும் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். பழைய இரும்புக் கடையில் 5 அல்லது 6 மி.மீ. பட்டைத் துண்டுகளை எடைக்கு வாங்கி, துருவைத் தேய்த்துவிட்டு அவற்றில் தொடங்குங்கள். ஒரு கிலோ 2.5 மி.மீ. ராடில் சுமார் 50 ராடு இருக்கும். இரண்டு மூன்று கிலோவைப் பயிற்சிக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

2.5 மி.மீ. ராடுக்கு 80 ஆம்பியர் வைத்து, தீக்குச்சியை உரசுவதுபோல் நுனியை உரசிப் பற்றவைத்து, ராடின் விட்டம் அளவே இடைவெளி விட்டு, நகரும் திசையில் சற்றுச் சாய்த்தபடி இழுத்துச் செல்லுங்கள். ராடு எரிந்து குறையக் குறைய அதே வேகத்தில் கையைக் கீழே இறக்கிக்கொண்டும் வர வேண்டும். கண் ஆர்க்கின் வெளிச்சத்தைப் பார்க்காமல் அதற்குச் சற்றுப் பின்னால் உள்ள உருகிய குட்டையைப் பார்க்கட்டும். அங்கே இரும்பு ஒளிர்ந்து தெளிவாகவும், அதன் பின்னால் கசடு வேறு சாயலில் ஓடி மூடுவதும் தெரியும். கசடு முன்னேறி ஆர்க்கைத் தொடப் பார்த்தால் ராடை இன்னும் கொஞ்சம் சாய்க்க வேண்டும், அல்லது வேகத்தைக் கூட்ட வேண்டும். ராடு அடிக்கடி ஒட்டினால் ஐந்து ஆம்பியர் கூட்டுங்கள். ராடு முழுவதும் செக்கச்சிவந்து பூச்சு உதிர்ந்தால் குறையுங்கள்.

தட்டையாக இழுப்பது கைவந்த பிறகு, இரண்டு பட்டைகளை எல் வடிவில் நிறுத்தி உள்மூலையில் ஒரு பக்கம் மட்டும் பற்றவையுங்கள். நன்கு ஆறியதும் துண்டை வைஸில் கவ்வி, நிற்கும் பட்டையைச் சுத்தியலால் இணைப்பின் பக்கமாக அடித்து மடக்குங்கள். இணைப்பு விரிந்து பிளந்தால் உள்ளே உற்றுப் பாருங்கள். மூலையை ஒட்டிக் கறுப்புக் கோடு ஓடினால் கசடு சிக்கியிருக்கிறது, ஊசித் துளைகள் தெரிந்தால் ஆர்க்கின் இடைவெளி கூடியிருக்கிறது அல்லது ராடில் ஈரம் இருக்கிறது, பட்டையின் வெட்டு விளிம்பு உருகாமல் அப்படியே கூர்மையாக நின்றால் ஆம்பியர் போதவில்லை. நீளம் முழுவதும் பிளக்காமல் மடங்கினாலோ, பிளந்த இடம் துளையும் கோடும் இல்லாத சாம்பல்நிற இரும்பாக இருந்தாலோ, 2 மி.மீ. கனமுள்ள ஸ்கொயர் பைப்பையும் 2 மி.மீ. ராடையும் கையில் எடுக்கலாம்.