கியோட்டோவிலிருந்து நாரா வரை: குடும்பத்துடன் ஒரு நாள் ரயில் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

ஜப்பானுக்கு முதன்முறையாகக் குடும்பத்துடன் செல்பவர்கள், பார்க்க வேண்டிய இடங்களை முதலில் பட்டியலிட்டுவிட்டு அவற்றுக்கான ரயில்களைப் பிறகு தேடுவதுதான் வழக்கம். குழந்தைகளும் வயதானவர்களும் உடன் வரும்போது இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் ஒரு ரயில் பாதையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அதில் இருக்கும் நிலையங்களில் மட்டும் இறங்கி ஏறுவது அலைச்சலைப் பெரிதும் குறைக்கும். ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) நாரா பாதை இதற்கு மிகவும் ஏற்றது. கியோட்டோவை விட்டுப் புறப்பட்டால் இனாரி கோயில், தேயிலைக்குப் பெயர்பெற்ற ஊஜி, மான்கள் திரியும் நாரா ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

படி 1: பயண அட்டை

நாடு முழுவதும் செல்லும் ஜே.ஆர். பாஸ் 2023 அக்டோபர் முதல் 7 நாட்களுக்கு 50,000 யென் ஆகிவிட்டது. கியோட்டோவிலிருந்து நாராவுக்குச் சாதாரணக் கட்டணம் 720 யென் மட்டுமே என்பதால், இந்த ஒரு நாளுக்காக அதை வாங்குவதில் பொருளில்லை. நிலையத்திலுள்ள இயந்திரத்தில், முன்கூட்டியே பணம் ஏற்றிப் பயன்படுத்தும் இகோகா அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். விலை 2,000 யென். அதில் 500 யென் முன்பணம், மீதி 1,500 யென் பயணத்துக்கு.

6 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பாதிக் கட்டணம். ஆனால் அவர்களுக்கான அட்டையை இயந்திரத்தில் வாங்க இயலாது. பாஸ்போர்ட்டுடன் பயணச்சீட்டு அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். அதைவிடச் சிறிய குழந்தைகள், கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவருக்கு இருவர் என்ற கணக்கில் இலவசமாக வரலாம். நிலையத்துக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் அட்டையைப் பயணச்சீட்டுக் கதவின்மேல் வைத்து எடுக்க வேண்டும். அட்டையில் பணம் போதாமல் கதவு மூடிக்கொண்டால் பதற வேண்டாம். அருகிலேயே இருக்கும் இயந்திரத்தில் பணம் சேர்த்துவிட்டு வெளியே வரலாம். கைவசம் ரொக்கம் இருக்கட்டும், ஏனெனில் பெரும்பாலான இயந்திரங்கள் அதை மட்டுமே ஏற்கும்.

படி 2: காலை உணவை நடைமேடைக்கு முன்பே முடித்தல்

புல்லட் ரயிலில் பெட்டிச் சாப்பாடு சாப்பிடுவது இயல்பான வழக்கம். உள்ளூர் ரயில்களில் அப்படியல்ல. ஆகவே நிலையத்திலுள்ள கடையில் ஒனிகிரி (கடற்பாசித் தாள் சுற்றிய சோற்று உருண்டை) வாங்கிக் காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். கடற்பாசித் தாள் சோற்றில் ஒட்டி நமுத்துப்போகாமல் இருப்பதற்காக இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் இருக்கும். உறையின்மேல் 1, 2, 3 என்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். 1 என்ற இடத்திலுள்ள நாடாவை மேலிருந்து கீழாக இழுத்துச் சுற்றிக் கிழித்தபின், 2, 3 ஆகிய மூலைகளைப் பக்கவாட்டில் உருவினால், தாள் மொறுமொறுப்புக் குறையாமல் சோற்றைப் போர்த்திக்கொள்ளும். இந்த வரிசையை மாற்றினால் தாளில் பாதி உறையோடு போய்விடும்.

சைவ உணவு உண்பவர்கள் உமெபோஷி வைத்ததைக் கேட்டு வாங்கலாம். அது உப்பில் ஊறிய புளிப்புப் பழம். நம் உப்பு நார்த்தங்காய்க்குப் பழகிய நாவுக்கு உடனே பிடித்துப்போகும்.

படி 3: இனாரிக்குச் சரியான வண்டி

கியோட்டோ நிலையத்தின் 8, 9, 10 ஆகிய நடைமேடைகளிலிருந்து நாரா வண்டிகள் புறப்படுகின்றன. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். மியாகோஜி விரைவு வண்டி இனாரியில் நிற்காது. எல்லா நிலையங்களிலும் நிற்கும் சாதாரண வண்டியில்தான் ஏற வேண்டும். இரண்டாவது நிறுத்தம் இனாரி. நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கோயிலின் நுழைவாயில்.

ஃபுஷிமி இனாரிக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை, மூடும் நேரமும் இல்லை. 233 மீட்டர் உயரமுள்ள மலை முழுவதையும் சுற்றி வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்; வழி நெடுகப் படிகள் என்பதால் குழந்தைத் தள்ளுவண்டி உதவாது. குடும்பத்துடன் வருபவர்கள், செந்நிற வளைவுகள் நெருக்கமாக நிற்கும் கீழ்ப்பகுதியைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலே போதும் என்பது என் கருத்து. இறங்கி வரும்போது தூண்களைக் கவனியுங்கள்: ஏறும்போது கண்ணில் படாத பின்பக்கத்தில், வளைவை நன்கொடையாக அளித்தவரின் பெயரும் நாளும் பொறிக்கப்பட்டிருக்கும்.

இனாரி தெய்வத்தின் தூதரான நரிக்குப் பொரித்த தோஃபு (சோயா பனீர்) பிடிக்கும் என்பது ஜப்பானியர்களின் நம்பிக்கை. அதனால்தான் இப்பகுதிக் கடைகளில், தோஃபுப் பைக்குள் சோறு அடைத்த இனாரி சூஷியும், தோஃபு மிதக்கும் கிட்சுனே உடோன் என்னும் நூடுல்ஸும் தவறாமல் கிடைக்கின்றன. பார்வைக்கு இரண்டுமே சைவம்தான். ஆனால் உடோனின் குழம்பும் தோஃபுவை வேகவைக்கும் சாறும் பெரும்பாலும் உலர்ந்த மீனில் எடுத்த தாஷி என்னும் சாறாகவே இருக்கும். “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் தாஷியைக் கணக்கில் எடுக்கமாட்டார். “இறைச்சி, மீன், மீன் தாஷி மூன்றும் கூடாது” என்பதை ஜப்பானிய மொழியில் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுவதே பாதுகாப்பு.

படி 4: ஊஜியில் மாறுதல்

இனாரியிலிருந்து சாதாரண வண்டியில் ஊஜி வரை சென்று, அங்கே விரைவு வண்டிக்கு மாறிக்கொள்ளுங்கள். நேரமிருந்தால் வெளியே போய் மாட்சா (பச்சைத் தேயிலைத் தூள்) ஐஸ்கிரீம் சாப்பிடலாம். 10 யென் நாணயத்தில் காணும் பியோதோஇன் கோயில் மண்டபமும் (1053-இல் கட்டியது) நடக்கும் தொலைவில் உள்ளது.

படி 5: நாரா

ஜே.ஆர். நாரா நிலையத்திலிருந்து பூங்கா சுமார் 20 நிமிட நடை. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் கட்டின்றித் திரிகின்றன. அரிசித் தவிடும் கோதுமை மாவும் சேர்த்துச் செய்த செம்பெய் பிஸ்கட்டை மட்டுமே அவற்றுக்குக் கொடுக்கலாம். பிஸ்கட்டைக் காட்டி இழுத்தடித்தால் மான் கடித்துவிடும் என்பதைக் குழந்தைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். தீர்ந்ததும் இரு கைகளையும் விரித்துக் காட்டினால் போய்விடும். காகித வரைபடத்தைப் பைக்குள் வைத்துவிடுவது நல்லது, அதையும் தின்னும்.

தோதாய்ஜி கோயிலின் வெண்கலப் புத்தர் ஏறத்தாழ 15 மீட்டர் உயரம். 752-இல் அச்சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் இந்தியாவிலிருந்து சென்ற துறவி போதிசேனர். இப்போதுள்ள மண்டபம் 1709-இல் கட்டி முடிக்கப்பட்டது. அசைவம் உண்பவர்கள் இவ்வூரின் காகினோஹா சூஷியை உண்டு பார்க்கலாம். உப்பிட்ட மீனைச் சோற்றின்மேல் வைத்துப் பெர்சிமன் இலையில் பொதிந்திருப்பார்கள். இலையை நீக்கிவிட்டு உண்ண வேண்டும்.

படி 6: திரும்புதல்

மாலையில் வந்த வழியே திரும்ப வேண்டாம். பூங்காவுக்கு அருகிலுள்ள, கின்டெட்சு என்னும் வேறொரு ரயில் நிறுவனத்தின் நாரா நிலையத்துக்குச் செல்லுங்கள். கட்டணம் 760 யென், அதே இகோகா செல்லும். அங்கிருந்து ஒசாகா செல்லும் வண்டிகளும் புறப்படுவதால் பலகையைப் பார்த்து ஏறுங்கள். கியோட்டோவுக்கு நேர் வண்டி இல்லாத நேரத்தில் யமாத்தோ சைதைஜியில் மாறிக்கொள்ளலாம்.

அட்டையை ஜே.ஆர். மேற்கு நிறுவனத்தின் நிலையத்தில் திருப்பித் தந்தால், மீதியில் 220 யென் கழித்துக்கொண்டு, முன்பணத்தோடு திருப்பித் தருவார்கள். மறுபடி வரும் எண்ணம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம்; கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து 10 ஆண்டுகள் செல்லும். குழந்தைகளின் அட்டை மட்டும், 12 வயது நிறைந்தபின் வரும் மார்ச் 31 வரைதான்.